கூட்டல் குறி

எடைப்பாலத்தில் லோரி ஏறும்போது
என் நாற்காலியும் கொஞ்சம் நடுங்கும்.
ஏற்றி வந்த எடை, இறக்கிப் போகும் எடை,
இரண்டுக்கும் நடுவில் இருப்பது பழம்.
பதினோரு வருஷமாக
நான் போடும் கணக்கு அவ்வளவுதான்.

ராத்திரியில் வேறு கணக்கு.
லாபிஸ் கடைத்தெருவில், புவனேந்திரனின்
கைப்பேசிக் கடைக்கு மேலே வாடகை அறை.
மடிக்கணினி பழசு, நானூற்றைம்பது வெள்ளி, மூன்று தவணை.
எழுத்தெல்லாம் தேய்ந்த விசைப்பலகையில்
அடைப்புக்குறி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.
முன்னே வைத்திருந்தவர் அதைத் தொட்டதே இல்லை போலும்.

முதல் வாரம் ஒரு பொத்தான் செய்தேன்.
அழுத்தினால் பச்சை.
மறுபடி அழுத்தினால் சிவப்பு.
வேறொன்றும் தெரியாது அதற்கு.
பிலாலில் பாங்கு கேட்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன்.
நான் சொல்லி ஒன்று நடப்பது
எங்கள் ஆபீசில் வழக்கமில்லை.

அப்புறம் பிழைகள்.
'அன்டிஃபைண்ட்' என்று சிவப்பில் வந்து நின்றது ஒன்று.
பெயர் பதிவாகியிருக்கிறது,
மதிப்புதான் இன்னும் தரப்படவில்லையாம்.
சிவப்பு ஐசியோடு அறுபத்தாறு வயதாகும்
என் பெரியப்பாவுக்கு இதை விளக்கத் தேவையிருக்காது.

ஷோஃபிக்குலுக்காகத்தான் அந்தப் பக்கம்.
சம்பளம் வருமுன்னே தொகை தெரிய வேண்டும் அவனுக்கு.
காலையில் வெட்டிய குலைக்கு ஒரு கட்டம்,
மத்தியானத்துக்கு ஒரு கட்டம்,
கீழே கூட்டுத்தொகை.
எண்பது போட்டான், நாற்பது போட்டான்.
எட்டாயிரத்து நாற்பது குலை என்றது.
"இப்படியே இருக்கட்டும் காக்" என்று
மோட்டாரில் சாய்ந்து சிரித்தான்.

கட்டத்தில் எதை எழுதினாலும்
அது எழுத்துதானாம், எண் இல்லை.
இரண்டு எழுத்துக்கு நடுவில் கூட்டல் குறி வந்தால்
பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைக்கும்.
கூட்டாது.
கழித்துப் பார்த்தேன்.
எண்பதில் நாற்பது போக நாற்பது.
சரியாக வந்தது.
எழுத்தாக இருந்தாலும் கழித்தல் மட்டும்
எப்போதும் சரியாக நடக்கும் என்று போட்டிருந்தது.

விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
முன்பணம், தண்ணீர், பெர்மிட் புதுப்பித்த செலவு,
காய் வெட்டியதற்கு அபராதம்.
சம்பளச் சீட்டில் அந்தப் பக்கம்
ஒருநாளும் தப்பானதில்லை.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பிடித்து
நீ எண் என்று சொல்ல வேண்டும்.
சொன்னேன்.
நூற்றிருபது.

நாள் கணக்கை அதுவே நினைவில் வைத்துக்கொள்ள
இன்னும் மூன்று வாரம் படித்தேன்.
பதினாலாம் பிளாக்கில் லைன் கிடைக்காது.
கிடைக்கவும் வேண்டாம்.
இந்தக் கணக்கு எங்கேயும் போய்
யாரையும் கேட்டுவிட்டு வருவதில்லை,
அவன் கையிலேயே நடக்கிறது.
இதைப் புவனேந்திரனிடம் சொன்னபோது
"திரைக்கண்ணாடி மாத்தணும்னா அனுப்பு" என்றான்.

ஏழாம் தேதி.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஷோஃபிக்குல்,
அவனுக்குப் பின்னால் ஒன்பது பேர்.
ஒன்பது கைப்பேசியிலும் என் பச்சைப் பொத்தான்.
சீட்டில் ஒரு தொகை. திரையில் ஒரு தொகை.
தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
என் தோளுக்குப் பின்னால் பெரிய கிராணி குணாளன்.

"யார் செஞ்சு குடுத்தது இது?"

அவன் கைப்பேசியை வாங்கி,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு,
மேலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்.
முதன்முதலாகச் செய்த பக்கம் இல்லையா,
ஆசையில் கடைசி வரியில்
சின்ன எழுத்தில் என் பெயரைப் போட்டிருந்தேன்.

இன்னும் அதுவரை உருட்டவில்லை.